அம்மையை ஏலம் விட்ட ஞாயிறு

கடியபட்டணம்
13.1.2025

மக்கா ஆன்றோ,

நேற்று என்னை நானே ஏலம் விட்டேன். உன் அக்காள் பிரிஜா எடுத்துவிட்டாள். வீடும் நானும் இனி அவளுக்கு.

நீயும் வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். போனில் பேசினால் இடையில் புகுந்து கத்துவாய். அதனால் எழுதி, மஸ்கட் வரும் பக்கத்து வீட்டு ஜெபிஷ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நம் குடும்பத்தில் வீடு கடைசி மகனுக்கு. வீட்டோடு பெற்றவளைப் பார்ப்பதும் அவன் பாடு. நீயோ போன மாதம் நாகர்கோவிலில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குக் கட்டில் பார்த்து வைத்தாய். ஏசி உண்டாம், டிவி உண்டாம். கடல் உண்டா என்று கேட்டேன், லிஃப்ட் உண்டு என்றாய். நாற்பது வருஷம் கரையில் மீன் ஏலம் எடுத்து விற்று உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவள் நான். என் கடைசிக் காலத்தை இன்னொருவர் முடிவு செய்ய விடுவேனா?

மத்தியானச் சோறு முடிந்ததும் கேட்டேன்: "இந்த வீட்டுல வச்சே என்னைச் சாகுறவரைக்கும் பாக்க யாருக்குச் சம்மதம்? எடுக்கிறவருக்கு வீடு." வடசேரி வாடகை வீட்டை விட்டுவிட்டு வருவதாகப் பிரிஜா உடனே சொன்னாள். நீ வாயே திறக்கவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். முடிந்தது!

எழுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு துள்ளல் வரும் என்று நான் நினைக்கவில்லை. முட்டுவலிகூட மறந்துபோனது.

அம்மை
வியாகுலம்மாள்


மஸ்கட்
20.1.2025

அன்புள்ள அம்மைக்கு,

இந்த ஏலம் செல்லாது. நான் வேண்டாம் என்றா சும்மா இருந்தேன்? "ஏலே, முதல்ல வாயத் திறக்காதே. மூணாவது தரத்துக்குக் கொஞ்சம் முந்திக் கேளு" என்று பத்து வயதில் கரையில் நிறுத்திச் சொல்லித் தந்தது யார்? அதற்குத்தான் காத்திருந்தேன். நீ ரெண்டுக்கும் மூணுக்கும் இடையில் மூச்சே விடவில்லை!

அடுத்த வருஷம் ஊரோடு வந்துவிட உன் மருமகள் ஷைஜாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். இல்லம் பார்த்தது அதுவரைக்கும்தான். நீ குளியலறையில் விழுந்த நாளிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை.

வீட்டை அக்காளே வைத்துக்கொள்ளட்டும். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் உன்னைப் பார்க்கிற உரிமையும் போய்விட்டால் நான் என்ன மகன்?

ஆன்றோ


கடியபட்டணம்
2.2.2025

மக்கா,

உன் கடிதத்தைப் பிரிஜாவுக்கு உரக்க வாசித்தேன். "பாரு, அம்மைக்கு வந்த கிராக்கியை!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தாள்.

தப்பு என் பேரில்தான். மீனுக்குச் சொன்ன யுக்தியை நீ தாய்க்கும் பிடித்துக்கொண்டாய். மீன் ஏலத்தில் காத்திருக்கலாம் மக்கா, எனக்கு அவ்வளவு நேரமில்லை.

ஆனாலும் முடிந்த ஏலத்தை நான் மாற்றுவதில்லை. கரையில் வேறொரு வழக்கம் உண்டே: எடுத்தவர் சம்மதித்தால் அடுத்தவருக்குப் பங்கு கொடுக்கலாம். ராத்திரிச் சோற்றுக்குள் பேசி முடித்துவிட்டேன். பிரிஜாவுக்குச் சம்மதம்.

வீடு அவளுக்கு. நான் படுத்துவிட்டால் குளிப்பாட்டுவது அவள் கை. கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. கால் நடக்கிறவரை நான் காலையில் கரைக்குப் போவதை யாரும் தடுக்கக் கூடாது. என்னைப் பார்ப்பதில் உன் பங்கு இந்த வருஷம் லீவில் ஒரு மாதம், ஊரோடு வந்துவிட்டால் சரிபாதி. உன் முறையில் எனக்குக் கஞ்சி வைப்பதும் முட்டுக்கு எண்ணெய் தேய்ப்பதும் நீ. ஷைஜா அல்ல, நீ.

அம்மை
வியாகுலம்மாள்