தம்பிக்குச் சுருட்டிய பச்சைப் புடவை

அம்மா,

சனிக்கிழமை வகுப்புக்குப் பழைய புடவை ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். பீரோவைத் திறந்ததும் உன் பவுடர் வாசனை முகத்தில் மோதியது. அந்தப் பச்சைக் காட்டன் புடவையை எடுத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ கட்டியிருக்கும்போதே அதைத் தரை துடைக்கக் கேட்டவள்தானே நான்.

அது நீ தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்வந்த வகுப்பு. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளை எப்படிப் பிடிப்பது, எப்படிப் புரட்டுவது என்று வீட்டில் இருப்பவர்களுக்குக் கற்றுத்தருவார்கள். தம்பியைக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சுக்கடியில் சுருட்டிய துணியை வைத்து, அவனாகத் தலை தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். உன்னால் அது மட்டும் முடியாது. உடனே அவன் தாடையைப் பிடித்து நீயே நிமிர்த்திவிடுவாய். பயிற்சி தரும் அக்கா உன் கையை எடுத்து அவன் பின்புறத்தில் வைப்பார். இங்கே லேசாக அழுத்தினால் போதும், மீதி அவன் வேலை என்பார்.

"கிரிவலமா மலையக்கூட இன்னொரு சுத்து சுத்திட்டு வந்துடுவேன்டி. இவன் தலை தூக்கற வரைக்கும் சும்மா உக்கார்றதுதான் ஆவல," என்றாய் என்னிடம்.

"சாமிக்கு இன்னும் அலங்காரம் முடியலம்மா. புறப்பாடு லேட்டாத்தான் ஆகும்," என்றேன், தம்பியைக் காட்டி.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பில் தாடையை நீ மறந்த நேரத்தில்தான் அவன் முதன்முதலாகத் தலை தூக்கினான். பிறகு நீ அழுத அழுகையில் வகுப்பே நின்றுபோனது.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. அப்பாவால் ஷேர் ஆட்டோ ஓட்டுவதை விட்டுவிட்டு வர முடியாது. எனவே அந்த அம்மாக்கள் நடுவே இப்போது நான், பிளஸ் ஒன் படிக்கிற அம்மா. நீ போனதிலிருந்து தம்பி தலை தூக்கவே இல்லை. இப்படியே விட்டால் பழகியதும் போய்விடும், உட்காரவைப்பதே கஷ்டமாகிவிடும் என்று அக்கா பயந்தார்.

உன் புடவையைச் சுருட்டி வைத்தேன். அவன் முகத்தை அதில் புதைத்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்தான். கிலுகிலுப்பையை ஆட்டினேன். பூனை மாதிரி கத்தினேன். புறப்பாடு ஜோக்கையும் சொன்னேன். நீ இல்லாமல் அது வெறும் அறுவை. அவன் அசையவில்லை.

"வேற துணி வெச்சிடலாமாம்மா?" என்றார் அக்கா, மெதுவாக.

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவன் பக்கத்திலேயே குப்புறப் படுத்து, சுருளின் மறுமுனையில் முகத்தை வைத்தேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன். என் விசும்பலைக் கேட்டு, என்னவென்று பார்க்க, நடுங்கிக்கொண்டே அவன் தலையைத் தூக்கினான். தாடையெல்லாம் எச்சில். கன்னத்தில் உன் புடவையின் மடிப்பு பதிந்திருந்தது. என் கை தன்னால் அவன் தாடைக்குப் போனது. அப்படியே உன் கை. அவனைத் தொடுமுன் என் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு கழுத்து தளர்ந்து உன்மேல் சாய்ந்தான். நானும் சாய்ந்தேன். அக்கா எங்களை எழுப்பவில்லை.

புடவை முழுக்க எச்சிலாகிவிட்டது, துவைத்துப் போடு என்கிறார் அப்பா. பக்கெட்டில் தண்ணீர் பிடித்துவிட்டேன். நனைக்கத்தான் மனசு வரவில்லை.