அயர்ன் வேறு, பிரஸ் வேறு

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் எதைக் கேட்டாலும் "சரி சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் குறைப்பட்டாயாமே, அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். அம்மாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை, எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம். அவள் வழுக்கி விழுந்த குளியலறையில் ரப்பர் விரிப்பு போட்டாயிற்று. கைக்குத்தான் ஓய்வு, வாய்க்கு இல்லை. முன்னறையில் தையல் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை வேலை வாங்குகிறாள். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டிய கை, இப்போது ஒரு வழியாகப் பித்தான் தைக்கும் அளவுக்குத் தேறியிருக்கிறது.

தெருமுனை ரொட்டிக்கடைக்காரரை உனக்குத் தெரியும், அவர் மனைவி போன வருஷம் தவறிப்போனார். அந்த அம்மாள் குளிர் காலமெல்லாம் கடையில் போட்டுக்கொண்டு நின்ற நீளக் கம்பளிக் கோட்டை, மகள் அளவுக்குச் சிறிதாக்கித் தரச் சொல்லி அவர் கொடுத்திருந்தார். மகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறாளாம், அங்கே நம் மலைக் குளிரைவிடக் கடும் குளிராம். அம்மா விழுவதற்கு முன்பே தைத்து முடித்துவிட்டாள், தையலைப் படிய வைப்பது ஒன்றுதான் பாக்கி. "தையல் போட்ட இடத்த மட்டும் பிரஸ் பண்ணுங்க, அயர்ன் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். சூடான பெட்டியை வைத்துத் தேய்த்தால் சுருக்கம் போகிறது, அதற்கு இங்கிலீஷ்காரன் இரண்டு பெயர் வைத்தால் நமக்கென்ன என்று என் சட்டையைத் தேய்க்கிற மாதிரியே மேலும் கீழும் நன்றாக இழுத்துவிட்டேன். பெட்டியை எடுத்துப் பார்த்தால் கோட்டின் முன் ஓரம் பூராவும் ரோமம் அமுங்கிப் பாலிஷ் போட்ட மாதிரி மின்னுகிறது, ஓரமும் இழுபட்டு அலை அலையாக நிற்கிறது. சிட்டு, கடையில் போய் இன்னொன்று வாங்கிக் கொடுத்துவிடக்கூடிய சாமானா அது.

அம்மா எழுந்து வந்து பார்த்தாள். திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. என் கையைப் பிடித்து மேசைமேல் நீட்டி வைத்தாள், தன் இடது உள்ளங்கையால் முழங்கையிலிருந்து விரல் வரை பரபரவென்று தேய்த்து, இது அயர்ன் என்றாள். பிறகு அதே உள்ளங்கையை ஓரிடத்தில் அழுத்தி வைத்துச் சற்று நிறுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைத்தாள். "இது பிரஸ். வைக்கணும், எடுக்கணும். இழுக்கக் கூடாது." பருத்தி எவ்வளவு தேய்த்தாலும் தாங்கும், கம்பளி சூட்டில் இளகி இழுத்த பக்கமெல்லாம் போய்விடும் என்று அப்புறம்தான் விளக்கினாள். அவள் சொல்லச் சொல்ல ஈரத்துணி விரித்து, பெட்டியின் பாரம் விழாமல் ஆவி மட்டும் காட்டி, பிரஷ்ஷால் ரோமத்தை நிமிர்த்திவிட்டேன். ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கித் தன் இடத்துக்கு வந்தது, மினுமினுப்பும் அடங்கியது. அந்த உற்சாகத்தில் வலது முழங்கையிலும் ஒரு மினுமினுப்பைப் பார்த்து அங்கேயும் ஈரத்துணியைப் போட்டேன். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டாள். "அது நீங்க பண்ணினது இல்ல. அந்தம்மா கல்லாவுல கைய ஊனி ஊனி வந்தது. அத விட்டுடுங்க."

ஓரம் சரியாகிவிட்டதே, சொல்லாமல் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றாள், அதையும் நான்தான் சொல்ல வேண்டுமாம். ரொட்டிக்கடைக்காரர் மகளோடு வந்தபோது நடந்ததைச் சொல்லி முடித்தேன். அவர் அந்த ஓரத்தை ஒப்புக்குத் திருப்பிப் பார்த்தார், கை மட்டும் தானாக முழங்கைப் பக்கம் போனது. அந்தத் தேய்ந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தபடி மகளைக் கூப்பிட்டு, "இத ஊனிக்கிட்டுத்தாம்மா உங்கம்மா நிப்பா" என்றார். அந்தப் பெண் கோட்டைப் போட்டுக்கொண்டாள். வெளியே நல்ல வெயில், அப்படியிருந்தும் கழற்றாமலே தெருவோடு நடந்து போனாள். அம்மா வாசலில் நின்று அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு, தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மாப்பிள்ளையின் கோட்டை இனி நீ எப்படித் தேய்ப்பாய் என்று உனக்கே தெரியும். கண்ணாடி பவரைப் பரிசோதிக்கச் சொன்னேனே, அதைத் தள்ளிப்போடாதே, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து நீடூழி வாழ வேண்டும். கையெழுத்தை நான்தான் போடுவேன் என்று அம்மா இடது கையால் பேனாவைப் பிடுங்குகிறாள். கோணலாக இருந்தால் சிரிக்காதே, உன் பெயரை எழுதுவதற்கு முன்னால் பழைய பேப்பரில் இரண்டு தரம் எழுதிப் பார்த்துக்கொண்டாள்.

அன்புடன்,
அப்பா

சிட்டு, நான் நல்லா இருக்கேன்.
அம்மா