பீரோவுக்குள் நெகட்டிவ்

14-7-2025, திங்கள்

மறந்துபோவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன். பேரன் ஆதர்ஷுக்கு தோஹாவில் வேலை உறுதியாகிவிட்டது. ஆறு மாதம், சாப்பாடு கம்பெனியே போடும். அவன் தங்கை தன்யா நர்சிங்கில் காலேஜிலேயே இரண்டாவது. மகள் வீட்டு நிதின் பத்தாம் வகுப்பில் கணக்குக்குத் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டை வாத்தியார் தனக்கென்று வைத்துக்கொண்டார். அவன் தங்கை அபிதா யூ.கே.ஜி., எலுமிச்சம்பழ ஸ்பூன் ஓட்டத்தில் இரண்டாம் பரிசு. முதலில் வந்த பிள்ளை பழத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். கேட்க ஆள் இல்லை.

இந்த வம்சத்துக்கு ஒரு கார்தான் இல்லாமல் இருந்தது. அதையும் ஆதர்ஷ் போன வருஷம் சொந்தச் சம்பளத்தில் வாங்கிவிட்டான். வெள்ளைக் கார். எங்கள் ஊர் கொட்டாரத்தில் வெள்ளைக் கார் நிறைய உண்டு. ஆனால் இதுதான் வெள்ளை.

16-7-2025, புதன்

இன்றைக்கு வீட்டில் சண்டை. என் மகன் கிருஷ்ணமணி, ஆதர்ஷின் அப்பா, காரை வித்துவிட வேண்டும் என்கிறான். ஆறு மாதம் ஓடாமல் கிடந்தால் அது காரில்லையாம், தகரமாம். சவத்த இப்பவே தள்ளிவிடுவோம் என்றான். ஆதர்ஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“காரை நான் பாத்துக்கிடுதேன். புள்ள மார்கழியில சுசீந்திரம் தேருக்கு வருவான் இல்லா, அன்னைக்கு ஒரே சாவியில வண்டி பிடிக்கும். பிடிக்கலைன்னா நீ வித்துக்கோ, நான் வாயைத் திறக்க மாட்டேன்” என்றேன்.

நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றதும் கிருஷ்ணமணி உடனே சம்மதித்துவிட்டான்.

பக்கத்து வீட்டு உலகம்மாள் மைனி (என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா) மதில் வழியாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அதுக்குள்ள எலி அங்க கல்யாணம் கழிச்சு பேறுகாலமும் பாத்திரும் ஏட்டி என்கிறாள்.

ஆதர்ஷ் என் காதில் மட்டும் சொன்னான், தேருக்கு என்னை முன் சீட்டில் கூட்டிப் போவானாம். நான் இதுவரை பின் சீட்டுதான். முன் சீட்டில் எப்போதும் கிருஷ்ணமணியின் தொந்தி போகும்.

20-7-2025, ஞாயிறு

காரை மூடி வைப்பது விதைநெல்லை மூடி வைப்பது போலத்தான், பெரிய வித்தை இல்லை. கழுவி நன்றாகக் காயவைத்தோம். ஆதர்ஷ் பெட்ரோல் முட்ட நிரப்பினான், பாதி வைத்தால் உள்ளே ஈரம் பிடிக்குமாம். டயரில் காற்று கூட ஏற்றினான். ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, ஒட்டிக்கொள்ளும், சக்கரத்துக்குக் கல் கொடு என்றான். அம்மிக்குழவியைக் கொடுத்தேன். அரைக்க என்ன செய்வீர்கள் என்று மருமகள் கேட்டாள். மிக்சி எதற்கு இருக்கிறது?

சீட்டுக்கு அடியில் வேப்பிலையும் நொச்சியும் போட்டது என் யோசனை. பின்னால் சைலன்சர் குழாயில் எலி ஏறாமல் அடைக்கச் சொன்னான். தேங்காய் உரித்த நார் மட்டையை (எங்களுக்குத் தொண்டு) சீவி, குழாயில் திணித்து உலக்கையால் நாலு இடி இடித்தேன். இனி எலி என்ன, எறும்புகூடப் போகாது. வண்டியை எடுக்கும்போது மறக்காமல் பிடுங்க வேண்டும் என்றான். மறக்காமல் இருக்க முந்தானையில் ஒரு முடிச்சு போட்டிருக்கிறேன்.

23-7-2025, புதன்

ஆதர்ஷ் போய்விட்டான். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணினான். பின்னால் ஒரே சத்தம்.

“ஆச்சி, ஒரு காரியம் மறந்துட்டேன். நெகட்டிவ கழத்தி வச்சிரு. இல்லைன்னா போச்சு.”

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் யோசனை. எந்த நெகட்டிவ்? ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஒட்டியிருக்கிறான். எட்டு வயசு ஆதர்ஷும் நானும், நாகர்கோவில் ஸ்டூடியோவில் எடுத்தது. அதன் நெகட்டிவைத்தான் சொல்கிறான். பிள்ளைக்கு என் மேல் எவ்வளவு உயிர்! காருக்குள் எல்லாம் தேடினேன். மிதியடிக்கு அடியில் பார்த்தேன், முன் சீட்டுக்கு எதிரே உள்ள குட்டி அறையில் பார்த்தேன். இல்லை. கடைசியில் பார்த்தால் அது என் பீரோவில், பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. கழற்றவே வேண்டாம், தனியாகத்தான் கிடக்கிறது.

அங்கே போய் இறங்கியதும் கூப்பிட்டான். நெகட்டிவ் பீரோவில் பத்திரமாக இருக்கு மக்கா என்றேன். பீரோவரைக்கும் கொண்டுபோயிட்டியா, கெட்டிக்காரி என்று சிரித்தான்.

9-8-2025, சனி

காருக்குப் போர்வை கடையில் விற்கிறதாம். இவருடைய பழைய வேட்டி எதற்கு இருக்கிறது? மூன்று வேட்டியைச் சேர்த்துத் தைத்துப் போர்த்தினேன். சாயங்காலம் மைனி தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, எந்தம்பி போயிட்டியே என்று அழுதுகொண்டே ஓடி வந்தாள். ஷெட்டில் வெள்ளை போர்த்திக் கிடக்கிறதே என்று பார்த்திருக்கிறாள். அவள் தம்பி உள்ளே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். என்னத்துக்கு அழுத என்று அவர் கேட்க, அவள் கோபத்தில் அவரையே இரண்டு வைதாள்.

வேட்டியை எடுத்துவிட்டு என் அரக்குச் சேலையைப் போர்த்தினேன். இப்போது கல்யாணப்பெண் மாதிரி இருக்கிறது.

12-9-2025, வெள்ளி

முந்தானையில் ஒரு முடிச்சு கிடக்கிறது. எதற்குப் போட்டேன்? ஒன்றும் ஓர்மை வரவில்லை. நேர்ச்சையாகத்தான் இருக்கும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு அவிழ்த்துவிட்டேன்.

21-10-2025, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. ஒரே மழை. டயர் ஒரே இடத்தில் நின்றால் சப்பிப்போகும், அவ்வப்போது தள்ளி வைக்கச் சொல்லியிருந்தான். இவரும் நானும் தள்ளினோம். ஒரு சாண் நகர்ந்தது. இவர் கட்டிலுக்குப் போனவர் இன்னும் எழும்பவில்லை. கார் நன்றாக இருக்கிறது.

1-1-2026, வியாழன்

இதை எழுதாமல் படுக்க முடியாது.

ஆதர்ஷ் நேற்று வந்தான். மெலிந்துவிட்டான், கம்பெனிச் சாப்பாட்டின் லட்சணம். நாளைக்குத் தேர். காலையில் எல்லாரும் ஷெட்டில். கிருஷ்ணமணி, காரை வாங்குகிற ஆளையும் வரச்சொல்லியிருக்கிறான்! அந்த ஆள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கிறான். சேலையை எடுத்தோம். எலி இல்லை, பூஞ்சை இல்லை, வேப்பிலை வாசம். மைனி முகம் சுண்டிப்போச்சு. ஆதர்ஷ் உட்கார்ந்தான், சாவியைத் திருப்பினான்.

டக்.

அவ்வளவுதான். டக்.

ஆதர்ஷ் முன்பக்க மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பினான். “ஆச்சி, நெகட்டிவ் பீரோவுல இருக்குன்னியே?”

இருக்கே என்று ஓடிப்போய் டப்பாவோடு கொண்டுவந்தேன். அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கறுப்பு முகம், வெள்ளை முடி, எட்டு வயசு. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறான் என்று நினைத்தேன். சிரிக்கிறான்.

பேட்டரியில் இரண்டு வயர் உண்டாம். அதில் கறுப்பு வயருக்குப் பெயர் நெகட்டிவாம். கழற்றாவிட்டால் பேட்டரி செத்துப்போகுமாம். ஸ்டூடியோக்காரன் வைத்த பெயரை எடுத்து வயருக்கு வைத்தால் நான் என்ன செய்ய?

ஒரே சாவி முடிஞ்சுது என்றான் கிருஷ்ணமணி. நான் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. முன் சீட்டைப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை.

வாங்க வந்தவன், ஓடுகிற வண்டி என்றால்தான் பேச்சு என்றான். தள்ளினால் பிடிக்கும் என்று கிருஷ்ணமணி வேட்டியை மடித்துக் கட்டினான். ஆதர்ஷ் ஸ்டியரிங்கில். நானும் மருமகளும் தள்ளினோம், மைனிகூடத் தள்ளினாள். நடுவில், சரியாகப் பின்னால், கிருஷ்ணமணி. ரோட்டுச் சரிவில் வண்டி ஓட, ஆதர்ஷ் கியரைப் போட, வண்டி குலுங்கி உறுமி, மூச்சு முட்டினது போல முக்கியது. அப்போதுதான் எனக்கு அந்த முந்தானை முடிச்சு ஓர்மை வந்தது.

சொல்ல வாயெடுத்தேன். வெடித்துவிட்டது.

குழாயில் இருந்த தேங்காய்த் தொண்டு கிருஷ்ணமணியின் தொந்தியில் பட்டு, அவன் ரோட்டோர வைக்கோல் போரில் மல்லாந்து கிடந்தான். கறுப்புப் புகை முழுக்க அவன் மேல். முகம் கறுப்பு, நரை மீசை மட்டும் வெள்ளை. அப்படியே நெகட்டிவ். வாங்க வந்தவன் ஸ்கூட்டரைத் திருப்பினதை யாரும் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது.

கார் ஓடிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணமணி அந்தத் தேங்காய்த் தொண்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். “எம்மா, இதுல நீ உலக்கை போட்டு இடிச்சியா?” ஆமா மக்கா என்றேன். அவன் சிரித்து நான் பார்த்து எத்தனை காலம்! சிரிப்பு நின்றதும், “இதை இனி எவன் வாங்குவான்” என்றான்.

2-1-2026, வெள்ளி

முன் சீட். பெல்ட் போட்டேன். வழியெல்லாம் கூட்டம், எனக்காக ஊர்ந்து ஊர்ந்து போனான். தேரையும் பார்த்தேன். மைனி பின் சீட்டில், தள்ளின கூலியாம்.

11-1-2026, ஞாயிறு

ஆதர்ஷ் மறுபடியும் போகிறான், இன்னும் ஆறு மாதம். காலையில் ஷெட்டில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கிருஷ்ணமணி ஸ்பானரோடு குனிந்து அந்தக் கறுப்பு வயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை. சைலன்சரில் பழைய துணி சுருட்டி வைத்து, அதில் சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும், இதையும் பீரோவுல வைக்கவா எம்மா என்று கேட்டான். வயரோடு பேட்டரியும் வரும் என்றால் வை என்றேன்.

ஆதர்ஷிடம் வாசலில் வைத்துச் சொன்னேன். தேர் அன்றைக்குக் காருக்கு முன்னால் எல்லாரும் நின்று போட்டோ எடுத்தோமே, அதைப் போனில் அனுப்பாதே, விரலால் தள்ளினால் போய்விடுகிறது. கழுவி, பெரிதாக, தபாலில் அனுப்பு. பழையதில் நீ எட்டு வயசு, நான் கறுப்பு முடி, யாரும் நம்ப மாட்டார்கள். நெகட்டிவையும் சேர்த்து அனுப்பு மக்கா.