எங்கள் தெரு இரண்டு முறை ஓடியது

என் கண்ணு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்காலையும் வாயையும் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் நேற்று மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன், அதற்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுது. இந்தச் சேதியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஆரம்பித்து வாய் மூடுவதற்குள் உன்னை லேபில் யாராவது கூப்பிடுவார்கள், "அப்புறம் பேசுறேன்மா" என்று வைத்துவிடுவாய், இதைப் பாதியில் கேட்டால் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைப்பாய். முழுசாகக் கேட்டாலும் அப்படித்தான் நினைப்பாய், பரவாயில்லை. உன் அத்தை மறுபடியும் ஒரு மாப்பிள்ளையின் ஜாதகம், போட்டோவோடு வந்தாள், என் மகள் வேலையில் இருக்கிறாள், வேலை தேடுகிற பையனை அவள் தலையில் கட்டாதே என்று அனுப்பிவிட்டேன். தைக்கிற மெஷினுக்குப் புது மோட்டார் போட்டாயிற்று, இப்போது சத்தமே இல்லை, சத்தமில்லாமல் தைப்பது எனக்கு என்னவோ வேலை செய்யாத மாதிரி இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அணை ஆபீசிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தாள், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், ஆள் உயரம், நடை வேகம், தெருவே அவளுக்கு நெட்டைக்கால் மேடம் என்று பெயர் வைத்துவிட்டது. மின்சாரம் எடுக்கிற அணைகளுக்கெல்லாம் புதிதாக ஒரு வழிகாட்டு விதி வந்திருக்கிறதாம். ஒவ்வொரு அணையும் எப்படியெல்லாம் உடையலாம் என்று முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட வேண்டும், நடந்தால் கீழே எத்தனை உயிர் போகும் என்றும் கணக்குப் போட வேண்டும், இரண்டையும் சேர்த்து ஒரு படத்தில் புள்ளி வைப்பார்கள், படத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இருக்கும். புள்ளி கோட்டுக்கு மேலே விழுந்தால் உடனே வேலை நடக்கும், கீழே விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். யார் பொறுத்துக்கொள்வது என்று நான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, சமாளிக்கவும் இல்லை, "நீங்கதான்க்கா" என்றாள். அந்த ஒரு பதிலுக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. நம் அணையில் ஒரு மதகுக் கதவைத் தூக்குகிற மோட்டார் மக்கர் செய்வது ஊருக்கே தெரியும். பெருமழையில் அந்தக் கதவு திறக்காமல் போனால் தண்ணீர் அணையின் தலைக்கு மேலே வழியும், அப்படி வழிந்து உடைந்தால் நம் தெருவுக்கு வந்து சேர அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் நாம் பின்பக்கச் சரிவில் ஏறி மேல்ரோட்டுக்குப் போய்விட வேண்டும். அந்தச் சரிவு உனக்குத் தெரியாததா, ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். அங்கே ஒரு படிக்கட்டு கட்டித் தாருங்கள் என்று நீ பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மக்கள் எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறார்கள் என்று பார்க்க ஒரு ஒத்திகை வைப்பதாகச் சொன்னார்கள். அக்கரையில் நிரந்தர ஊழியர்களின் குவார்ட்டர்ஸ், இக்கரையில் நாம், இரண்டு கரைக்கும் ஒரே நாளில். அங்கேதான் வினை பிடித்தது. ஆபீசின் பாதுகாப்பு அதிகாரி, அக்கரைக்காரர், கூட்டத்தில் எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார், இக்கரை ஆட்களுக்கு வரிசையில் நிற்கவே தெரியாது, இவர்களை வைத்து என்ன ஒத்திகை பார்ப்பது என்று. உன் அப்பா இருபது வருஷமாக அந்தப் பவர் ஹவுஸில் ஒப்பந்த வெல்டர், இருபது வருஷமாகத் தற்காலிகம், இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட மனுஷன் இந்த ஒரு பேச்சைப் பொறுக்கவில்லை. "வரிசையா? காட்டுறேன் வரிசைன்னா என்னன்னு" என்று தெருவைத் திரட்டிவிட்டார். தினமும் சாயங்காலம் பயிற்சி. யார் முன்னால், யார் பின்னால், யார் கையில் எந்தக் குழந்தை. உன் தம்பி படிக்க உட்காரவே இல்லை, கேட்டால் ஊர்ப்பணி என்கிறான்.

ஒத்திகை அன்று காலையில் தெருவில் ஒரு அடுப்புகூட எரியவில்லை. பக்கத்து வீட்டு லாரிக்கார அண்ணன், விபத்தில் ஒரு கால் போனவர், அவரை விடிந்ததுமே தூக்கிக்கொண்டு போய் மேல்ரோட்டு டீக்கடையில் பேப்பரோடு உட்கார வைத்துவிட்டார்கள். ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கிற கடைசி வீட்டுப் பெண்ணை அக்காள் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மற்ற எல்லோரும் ஷூ மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறோம், நானும்தான், பள்ளிக்கூடத்தில் ஓடிய பிறகு அன்றைக்குத்தான் ஓடினேன். சைரன் ஊதியதும் பறந்தோம். பாதி நேரத்திலேயே தெரு முழுக்க மேலே. அக்கரையில் ஆளாளுக்குக் காரை எடுக்கப்போய் கேட்டில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது மேலிருந்து பார்க்க அவ்வளவு அழகு. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

அடுத்த வாரம் பள்ளிக்கூட ஹாலில் முடிவைச் சொன்னார்கள். எங்களைப் பாராட்டினார்கள், எல்லோரும் கை தட்டினோம். பிறகு நெட்டைக்கால் மேடம் மெதுவாகப் படித்தாள். இக்கரை மக்கள் தண்ணீர் வருவதற்கு வெகு முன்பே வெளியேறிவிடுவதால் உயிரிழப்பு ஏறத்தாழ இல்லை, புள்ளி கோட்டுக்குக் கீழே விழுகிறது, ஆகவே படிக்கட்டு தேவைப்படவில்லை, மோட்டாரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இருக்கிற பணத்தில் அக்கரைக் கேட்டை அகலப்படுத்தலாம். ஹாலில் ஒரு முகத்திலும் ஈயாடவில்லை. அப்பாவின் கைகள் தட்டுவதற்காக விரிந்தபடியே நின்றுவிட்டன. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பயிற்சி எடுத்து வைத்துக்கொண்டது நாங்கள்தான்.

அன்றைக்குத் தெருவில் நடந்த சண்டையை எழுதினால் தாள் போதாது. போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். சொன்னால் அந்த அதிகாரி, பார்த்தீர்களா ஏமாற்றுக்காரர்கள் என்பாரே என்று பாதிப் பேர். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். "ஜெயிச்சதை நானே போய் தோத்துட்டேன்னு சொல்லணுமா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் மானம் மேல்ரோட்டுக்கு ஏறிப் போய்விடும், லாரிக்கார அண்ணன் எப்படி ஏறுவார் என்று கேட்டேன். அவரே ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து, "தங்கச்சி, வா, நான் வர்றேன். எனக்கு ஓடி ஜெயிக்கிற ஆசையெல்லாம் இல்ல" என்றார். இரண்டு பேரும் போனோம். ஒன்று விடாமல் சொன்னேன். நெட்டைக்கால் மேடம் கடைசி வரை கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? ஒருத்தர் கால்லகூட செருப்பு இல்ல, எல்லாம் ஷூ. ஆனா நீங்க சொல்லாம நானா எழுத முடியாதுக்கா" என்றாள். சொல்லாமல் நடத்துகிற ஒத்திகைதான் சரி என்று விதியிலேயே இருக்கிறதாம், மக்கள் எதிர்பார்க்காத நேரத்தில் என்ன செய்வார்கள் என்பதுதான் கணக்காம், மக்களுக்குத் தொந்தரவு என்று ஆபீசில் தட்டிக்கழித்திருக்கிறார்கள். மக்களே தொந்தரவு கொடுங்கள் என்று கேட்டால் என்ன செய்வார்கள்? கேட்டோம். வெளியே வரும்போது அவளிடம் சத்தியம் செய்தேன், வேண்டுமென்றே மெதுவாகப் போகிற நாடகமும் ஆடமாட்டோம், எப்படி இருக்கிறோமோ அப்படியே வருவோம் என்று. தெருவில் எல்லோரிடமும் அதையே வாங்கினேன்.

நாள் சொல்லாத அந்த ஒத்திகைச் சைரன் ஒரு மழைச் சாயங்காலத்தில் ஊதியது. அப்பா குளியலறையில், தலை முழுக்கச் சோப்பு. நான் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். லாரிக்கார அண்ணன் கட்டைக்காலைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருந்தார். அப்பா துண்டோடு ஓடி, எதிர்வீட்டு பிளம்பரோடு சேர்ந்து அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினார், சேற்றில் மூன்று பேரும் உட்கார்ந்தபடியே சறுக்கி, ஏறத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள், மறுபடி ஏறினார்கள், அண்ணன் நாற்காலியில் இருந்தபடி இடது பக்கம் வளை, பிரேக் போடு என்று ஓட்டக் கற்றுக்கொடுத்தார். உன் தம்பி புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தான், படிக்கிறவன் மாதிரி. நான் சரிவின் அடி வரை போய்விட்டு, இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று திரும்பி வந்தேன். அப்போதுதான் மேலிருந்து விசில் கேட்டது. அரை மணி முடிந்தது, எல்லோரும் நிற்கிற இடத்திலேயே நில்லுங்கள் என்று மேடம் மைக்கில் சொன்னாள்.

நின்றோம். நான் என் வீட்டு வாசலில், கை கதவில். கடைசி வீட்டுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவின் அடியில். அப்பாவும் அண்ணனும் பாதி வழியில். மழைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. யாருக்கும் யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை, இப்போது தண்ணீர் வந்திருக்கும். மேடம் குடை இல்லாமல் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு இறங்கி வந்தாள். லாரிக்கார அண்ணன் அவளிடம், "ஒரு காலுதானேம்மா, அரை ஆளுன்னு போட்டுக்கோங்க" என்றார். "முழு ஆளாத்தான் போட்டிருக்கேன்ணா" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தோம், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டும்.

புள்ளி கோட்டுக்கு மேலே போய்விட்டது. படிக்கட்டு வேலை பாதிக்கு மேல் ஆகிவிட்டது, இரண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை. மதகு மோட்டாரை மாற்றுகிற வரைக்கும் அணையில் தண்ணீரைக் குறைத்தே வைக்கப்போகிறார்களாம், அதனால் மின்சாரம் குறையும் என்று பாதுகாப்பு அதிகாரி முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஒன்று மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. இத்தனை வருஷம் வாயால் கேட்டோம், கிடைக்கவில்லை. எத்தனை பேர் சாவோம் என்று மழையில் நின்று காட்டியபோதுதான் கிடைத்தது. கேட்பவன் முகத்தைப் பார்த்துக் கொடுக்கக் கூடாதா? அப்பாவிடம் சொன்னால், நீ எதற்கும் திருப்திப்படமாட்டாய் என்கிறார். அவர் தினமும் போய்க் கொத்தனாரிடம் படியின் உயரம் பற்றிச் சண்டை போடுகிறார், அது மட்டும் திருப்தியா?

அந்த வீட்டை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். நாங்கள் வந்துவிடுவோம், லாரிக்கார அண்ணனை எந்த மகள் கூப்பிடுவாள்? படிக்கட்டு முடியட்டும், ஊர் பார்க்க வருகிறோம், குடியேற அல்ல. ஒன்றை மறக்காதே. நீ இருப்பது ஒன்பதாம் மாடி, லிப்டில் மட்டும்தான் போய்வருகிறாய் என்று எனக்குத் தெரியும். அவசரப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒருமுறை கீழே வரை இறங்கிப் பார், லீவு நாளில் உற்சாகமாக அல்ல, வேலை முடிந்து அலுத்துப்போய் வருகிற ஒரு நாளில். கீழ்க்கதவு பூட்டியிருந்தால் சும்மா திரும்பி வராதே, போய்ச் சண்டை போடு. அம்மா சொன்னாள் என்று சொல். நல்லா இரு, நிறைய நாள் இரு, நேரத்துக்குத் தூங்கு.

கைப்பிடிக் கம்பியின் ஈரப் பெயின்ட் பட்ட விரல்களோடு,
உன் அம்மா