பூட்டியிருக்கிறதா என்று நீ கேட்ட கேள்விக்கு

ஹார்லோ கிரீக், பென்சில்வேனியா
அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் கோரினுக்கு,

அப்பா எழுதுவது. போர்ட்லாந்தில் விடாமல் பெய்யும் மழையிலும் நீயும் மாப்பிள்ளை டேவினும் குழந்தை தியோவும் சளி, காய்ச்சல் இன்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடலளவில் நலம். உடலளவில் என்று வரையறுத்துச் சொல்லக் காரணம் உண்டு. அதற்காகவே தொலைபேசியை எடுக்காமல் தாளை எடுத்தேன். அதற்கு முன் வீட்டுச் செய்திகள். அம்மாவின் முழங்காலில் ஊசி போட்டார்கள், படியேறும்போது மட்டும் முனகுகிறாள், பள்ளிச் சமையற்கூட வேலையை விடச் சொன்னால் என்னைத்தான் முறைக்கிறாள். குளிர்காலத்து விறகு முழுவதும் பிளந்து அடுக்கியாயிற்று. கிராண்ட் சித்தப்பா புது பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறான், பழையதைவிட ஓசை அதிகம், அதுதான் அவனுக்குப் பெருமை. மான் வேட்டைப் பருவத்துக்கு முன்னதாக நான் நடத்தும் பாதுகாப்பு வகுப்பில் இவ்வாண்டு முப்பத்தொரு பேர் தேறினார்கள், இருவரை நான் தேற விடவில்லை.

அக்டோபர் மூன்றாம் தேதி நீ அனுப்பிய செய்திக்கு இருபத்து நான்கு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். “அப்பா, நவம்பர்ல நன்றி நாள் விடுமுறைக்கு அங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதேப்பா. வீட்டுல துப்பாக்கி எல்லாம் பூட்டியிருக்கா? தோட்டா தனியா இருக்கா? தியோவைக் கூட்டிட்டுப் போற எல்லா வீட்டுலயும் கேக்கணும்னு குழந்தை டாக்டர் சொல்லிட்டாங்க” என்று கேட்டிருந்தாய். நான் கோபித்துக்கொண்டேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைத் தொடும் முறையையும், அதைவிட முக்கியமாகத் தொடாதிருக்கும் முறையையும் கற்பித்தவனிடம், அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிய மகளே இப்படிக் கேட்கிறாளே என்று உறுத்தியது. காலை உணவுக் கடையில் கிராண்டிடம் சொன்னேன். அவன் மேசையைத் தட்டிச் சிரித்து, “அண்ணே, ஊருக்கே பாடம் எடுக்கறவன் வீட்டுக்கே சோதனை வந்துடுச்சா! அவ மேற்குப் பக்கம் போனதிலேருந்து நம்மளயெல்லாம் காட்டு மனுசன்னு நெனச்சுட்டா. பதிலே போடாத, வந்து இறங்கினதும் தானா வெக்கப்படுவா” என்றான். அவன் சொல்லை நான் கேட்பது அரிது, இம்முறை கேட்டேன். அது முதல் தவறு.

இரண்டாவது தவறு பொதுவில் செய்தது. குழந்தைகள் வசிக்கும் வீட்டிலும் வந்து தங்கும் வீட்டிலும் துப்பாக்கிகளைப் பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்கும் மசோதா ஒன்று மாநில அவையின் முன் இருக்கிறது. அதைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க அவையின் குழு ஒன்று பத்தொன்பதாம் தேதி காலை நம் ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்துக்கு வந்தது. எதிர்த்துப் பேச வேட்டைக் கழகத்தார் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கூச்சலிடுகிறவர்கள் அவர்களிடம் நிறைய இருந்தார்கள், வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவன் ஒருவன் வேண்டுமாம். இரண்டு பக்கம் எழுதி முந்தின நாள் சமையலறையில் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அவள் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள். “என் வீட்டில் முப்பது ஆண்டுகளாக ஒரு துப்பாக்கிகூட ஒரு மணி நேரமும் பூட்டப்படாமல் இருந்ததில்லை. எந்தச் சட்டமும் அதைச் செய்விக்கவில்லை, என் பொறுப்புணர்வு செய்வித்தது” என்ற இடத்தில் கத்தி நின்றது. “அந்த வரி வேணாம் லோவல், எடுத்துடு” என்றாள். அதுதான் பேச்சின் முதுகெலும்பு என்று விளக்கினேன். “எடுத்துடுன்னு சொல்றேன்ல” என்றாள் மறுபடியும். தற்புகழ்ச்சியாக இருக்கிறது என்று கருதுகிறாள் போலும் என நினைத்து, ‘என் பொறுப்புணர்வு’ என்பதை ‘எங்கள் பொறுப்புணர்வு’ என்று திருத்தி, அதற்கு அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள், தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்தி நாற்காலி போட்டிருந்தார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தை மனப்பாடமாகச் சொன்னவர்கள் நால்வர், அதில் இருவர் தவறாகச் சொன்னார்கள். அணைக்கட்டுப் பக்கம் தனியாக வாழும் ஓர் இளம்பெண் எழுந்து, “என்னை அடிச்சவன் வெளிய வந்துட்டான், போலீசைக் கூப்பிட்டா வர்றதுக்கு முக்கா மணி நேரம். நான் சாவியத் தேடிட்டு இருக்கறப்போ அவன் காத்திருப்பானாய்யா?” என்று குழுத் தலைவரைக் கேட்டபோது மசோதாவை ஆதரித்தவர்களிலும் சிலர் தலையசைத்தார்கள். பிறகு நான் பேசினேன். அந்த வரிக்குக் கைதட்டினார்கள். கையெழுத்திட்டுப் பேச்சைக் குழுவின் எழுத்தரிடம் கொடுத்தேன். எனக்கு அடுத்து ஆம்புலன்சில் தொண்டு செய்யும் இவோன் கெஸ்லர் வந்தாள், உன் பள்ளித்தோழியின் தாய். என்னைப் பார்த்தே பேசினாள். “லோவல் வீட்டைப் பத்தி எனக்குக் கவல இல்ல. என் வண்டி நிக்கற வீடெல்லாம் லோவல் வீடா இருந்தா நான் இந்நேரம் தோட்டத்துல களை புடுங்கிட்டு இருப்பேன். போன வருசம் குண்டடி பட்டு நான் தூக்கிட்டு வந்த ரெண்டு பிள்ளைங்களோட அப்பனுங்களும் ரொம்பக் கவனமான ஆளுங்கதான், கேட்டுப் பாருங்க, அவங்களே சொல்லுவாங்க” என்றாள். கிராண்ட் என் காதருகே, “விடு அண்ணே, பாராட்டிட்டுதான் போறா” என்றான். நானும் அப்படியே எடுத்துக்கொண்டு தலையசைத்தேன். நினைக்கும்போது இப்போது முகம் எரிகிறது.

உன் அம்மாவும் கூட்டத்துக்கு வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சூப்பைச் சுடவைத்து மேசையில் வைத்துவிட்டு, உட்காராமல், “நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்தது பொய் லோவல். உனக்குத் தெரியாம சொன்ன பொய், ஆனா பொய்” என்றாள். எங்கே என்று மட்டும் கேட்டேன். எங்கள் படுக்கையறைக்கு அழைத்துப்போய், அவள் பக்கத்துச் சிறு மேசையின் இழுப்பறையை இழுத்தாள். கைக்குட்டைகளுக்குக் கீழே உன் எர்ல் தாத்தாவின் கைத்துப்பாக்கி இருந்தது. அவர் இறப்பதற்கு முன் தன் மகளிடமே கொடுத்திருக்கிறார், உன் மாமன் எடுத்துக்கொண்டான் என்று நான் எண்ணியிருந்தேன். அதில் ஐந்து தோட்டாக்கள் இருந்தன. எடுத்து நீக்கினேன், இருமுறை சரிபார்த்தேன், மூன்றாம் முறையும் பார்த்தேன். பிறகுதான் கத்தினேன். பதினெட்டு வருடம் ஊருக்குச் சொன்னது உன் காதில் மட்டும் விழவில்லையா என்று கேட்டேன். “விழுந்துச்சு. ஆனா நாய் குரைக்கறப்போ உன் பாடம் கேக்கல, நாய் சத்தம்தான் கேட்டுது” என்றாள். மூன்று ஆண்டுக்கு முன் மார்ச்சில் நம் கொட்டகையை உடைத்துக் கருவிகளைத் திருடிப்போனது உனக்கு நினைவிருக்கும். நான் அன்று நான்கு மாவட்டம் தள்ளி, பெட்ரோல் பங்குகளில் அளவு சரிபார்க்கும் பணியில் இருந்தேன். போலீஸ் வர ஐம்பத்திரண்டு நிமிடம். அந்த ஐம்பத்திரண்டு நிமிடமும் உன் அம்மா குளியலறைக் கதவில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் திரும்பி வந்து புதுப் பூட்டு வாங்கிப் பொருத்தி, வெளிச்சத்துக்கு விளக்கும் போட்டு, இனிப் பயமில்லை என்று அறிவித்தேன். அவள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன், அவளோ அதன் பிறகுதான் துப்பாக்கியை இழுப்பறைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். “நீ அதுக்கப்புறம் கேக்கவே இல்லையே லோவல். பூட்டு சரியா விழுதான்னு வாரா வாரம் பாத்தே. நான் தூங்கறேனான்னு பாக்கல” என்றாள்.

கோரின், இப்போது எழுதப்போவது உன் கேள்வியில் இல்லாதது, ஆனால் உன் கேள்விக்குரியது. அந்த இழுப்பறை தரையிலிருந்து இருபத்திரண்டு அங்குலம். அளந்தேன். இரண்டு வயதுப் பிள்ளையின் நெஞ்சுயரம். இரண்டாண்டுக்கு முன் ஜூலையில் நீங்கள் வந்து ஒன்பது நாள் தங்கினீர்கள், மாடியில் புழுக்கம் என்று தியோவின் தொட்டிலை எங்கள் அறையில்தான் போட்டோம். அம்மாவிடம் கேட்டேன். வந்த அன்று பரபரப்பில் அவளுக்கு நினைவில்லை. மறுநாள் மதியம், அவன் அந்த மேசையின் பக்கம் நடந்தபோதுதான் நினைவு வந்து, அவனைத் தூக்கி உன்னிடம் தந்துவிட்டு, துப்பாக்கியை அலமாரி மேல் தட்டுக்கு மாற்றியிருக்கிறாள். நீங்கள் விமானமேறிய பின் மறுபடியும் இழுப்பறை. ஆக ஏறத்தாழ இருபத்தாறு மணி நேரம். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்கு என் வகுப்போ என் பொறுப்புணர்வோ காரணமில்லை, அவன் கைக்குட்டை தேடவில்லை என்பதே காரணம். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் அம்மா கெஞ்சினாள், இனி நீ குழந்தையை எங்கள் மடியில் விடமாட்டாய் என்று அழுதாள். இரண்டு நாள் கழித்து அவளே, சொல்லாமல் அவனை மடியில் வைத்துக்கொள்ள முடியாது, எழுது என்றாள்.

எடையும் அளவும் சோதிக்கும் என் பணியில், கடைக்காரர் தராசு சரியாக இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் எடைக்கல்லை வைக்காமல் நான் சான்று தந்ததில்லை. என் வீட்டுக்கு மட்டும் என் வாயாலேயே சான்று தந்துவிட்டேன். ஆகவே திங்களன்று குழுவுக்குத் திருத்தம் எழுதினேன். நான் அளித்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்து நான்காம் வரி உண்மையன்று என்றும், காரணம் இன்னது என்றும் எழுதினேன். உன் அம்மா எட்டிப்பார்த்து, “என் மனைவின்னு மட்டும் போடாத, ரோண்டா ஹோஸ்டெட்டர்னு பேரைப் போடு. நான் பயந்தேன்னும் போடு. அந்த அம்பத்திரெண்டு நிமிசத்தையும் போடு. அதை விட்டுட்டு எழுதினா நான் புத்தி கெட்டவ மாதிரி இருக்கும்” என்றாள். மூன்றையும் போட்டேன். கிராண்ட் செய்தி அறிந்து வாசலில் வண்டியை அணைக்காமலேயே கத்தினான். “யாருண்ணே உன்னைக் கேட்டா? அவங்க கையில நீயே கம்பை எடுத்துக் குடுக்கறே! கழகத்துல யார் மூஞ்சில முழிக்கறது?” வகுப்பிலிருந்து விலகிக்கொள்ளும்படி கழகத் தலைவர் மரியாதையாகக் கேட்டார், மரியாதையாக விலகினேன். மசோதாவை நான் இப்போது ஆதரிக்கிறேனா என்று நீ கேட்பாய். அணைக்கட்டுப் பக்கத்துப் பெண்ணுக்கு அது என்ன பதில் சொல்கிறது என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை, ஆகவே ஆம் என்று எழுத இயலாது. ஆனால் சட்டம் இருந்திருந்தால் அந்த இழுப்பறையைப் பூட்டியிருப்பாயா என்று உன் அம்மாவைக் கேட்டேன். சற்று யோசித்து, “தெரியல. ஆனா உன்கிட்ட வாய் விட்டுக் கேட்டிருப்பேன், சட்டப்படி பூட்டும் வேணும், சட்டுனு தொறக்கவும் வேணும், ஏதாவது பண்ணுன்னு. சட்டம்னா உனக்குப் புரியும் லோவல். பயம்னு சொன்னா புரியாது” என்றாள்.  அன்றிலிருந்து அவள் முன் அதைக் குறித்து நான் வாதிடுவதில்லை.

இன்றைய நிலையைத் துல்லியமாகச் சொல்கிறேன். வேட்டைத் துப்பாக்கிகள் ஆறும் கீழ்த்தளத்து இரும்புப் பெட்டகத்தில், தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். கைத்துப்பாக்கியை அம்மா விட்டுத்தர மறுத்தாள், நானும் பறிக்கவில்லை. விரலால் எண்களை அழுத்தித் திறக்கும் சிறு எஃகுப் பெட்டியை அலமாரியின் உட்சுவரில் ஆறடி உயரத்தில் திருகாணியிட்டுப் பொருத்தினேன், விளக்கை அணைத்துவிட்டுத் திறக்கப் பழகினாள், நான்கு விநாடி ஆகிறது. நான் வெளியூர் போகும் நாட்களில் மாலை ஆறுக்கு அழைக்கிறேன், பூட்டைப் பற்றிக் கேட்பதில்லை. இவ்வளவும் உண்மை. ஆனால் உண்மை என்று நான் எழுதுவதை நீ ஏற்கவேண்டியதில்லை, பத்தொன்பதாம் தேதி நான் எழுதிக் கொடுத்ததும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மைதான். ஆகையால் வருவதாக இருந்தால் இப்படிச் செய்யலாம். தியோவை மாப்பிள்ளையுடன் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நீ மட்டும் முதலில் உள்ளே போ. எல்லா இழுப்பறையையும், எங்கள் துணிகளுக்குக் கீழேயும், மாவு டப்பாவையும் தையற்கூடையையும் திறந்து பார். கூச்சப்படாதே. நானும் உன் அம்மாவும் முற்றத்தில் காருக்கு அருகே நிற்போம், தியோவைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம், நீ வாசலுக்கு வந்து சரி என்று சொன்ன பிறகுதான் கதவைத் திறந்து அவனைத் தூக்குவோம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், கோட்டும் கையுறையும் எடுத்து வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். கிராண்ட் சித்தப்பா வீட்டு விருந்துக்குப் போகுமுன் அவனிடமும் இதே கேள்வியைக் கேள், சிரிப்பான், கேலி பேசுவான், பதில் வரும்வரை நின்று கேள், நான் உன் பக்கத்தில் நிற்பேன்.

எங்கள் வீட்டில் தங்க மனம் ஒப்பாவிட்டால் ஊர் எல்லையிலுள்ள விடுதியில் அறை எடுத்துவைக்கிறேன், நாங்கள் பகலில் அங்கே வந்து குழந்தையைப் பார்க்கிறோம். இவ்வாண்டு வரவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு வரி போதும், காரணம் எழுதாதே, அது எங்களுக்குத் தெரியும். எதுவானாலும் நவம்பர் பத்துக்குள் தெரிவி. நீங்கள் மூவரும் நோயின்றி நெடுங்காலம் வாழக் கடவுள் துணையிருக்கட்டும். தியோவுக்கு எங்கள் இருவரின் முத்தங்கள். நீ கேட்டாயே அம்மா, அது நல்ல கேள்வி. அதற்கு அன்றே சரியான பதில் ‘இல்லை’ என்பதுதான்.

உன் அப்பா,
லோவல் ஹோஸ்டெட்டர்