பதினாறு தாத்தாக்களும் ஒரு விலாங்குத் தீவும்

பிப்ரவரி 9

மழை. மை நீர்த்துப்போய்விட்டது. காலையில் எங்கள் அரசர் இப்பா கூப்பிட்டனுப்பினார். ஆற்று நடுவில் இருக்கும் விலாங்குத் தீவு எங்களுக்கா, அக்கரை ஹூனா அரசருக்கா என்று அடுத்த மாதம் பெரிய அரசர் வந்து தீர்ப்புச் சொல்லப் போகிறாராம். எந்த வம்சம் பழையதோ அதற்குத்தான் தீவு.

"டோட்டா சாமி, என் வம்சாவளிய எழுதுங்க. வோடன் வரைக்கும் போகணும்."

"உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன அரசே?"

கூரையைப் பார்த்தார். "தாத்தா படகுல வந்தாரு. அதுவரைக்கும் தெரியும்."

பிப்ரவரி 10

ஆக மொத்தம் மூன்று பேர். அதிலும் படகில் வந்தவருக்குப் பெயர் தெரியவில்லை. கிறிஸ்துவின் குருவானவன் நான் - வோடன் என்கிற பழைய தெய்வத்துக்கு வாரிசு தேடிக்கொண்டிருக்கிறேன். அரசியோடு அவள் பிறந்த கென்ட் நாட்டிலிருந்து வந்தபோது இந்த வேலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே!

பிப்ரவரி 14

வோடனை நோவாவின் பேரனாக்கிவிட்டேன். மனசாட்சி கொஞ்சம் அடங்கியது.

பிப்ரவரி 20

ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். இரண்டு பேர் அரசரின் உழவு எருதுகள். ஒருவர், சிறுவயதில் என்னைத் துரத்தி அடித்த ரொட்டிக்காரர். அவருக்கு 'சினங்கொண்ட' என்ற பட்டம் கொடுத்திருக்கிறேன்.

நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். விலாங்கு விற்கிற கோல்டே வந்தாள். இரு கரைக்கும் கூடை தூக்குகிறவள். இரு கரைச் செய்தியும் அந்தக் கூடையில்தான்.

"ஹூனாவுக்குப் பன்னெண்டு தாத்தாவாம்ல?"

அரசர் ரொட்டியைக் கீழே வைத்தார். "சாமி, பதினாறு."

பிப்ரவரி 23

இன்னும் ஒரே ஒருவர் வேண்டும். தலையைச் சொறிந்தால் பேன்தான் வருகிறது, பெயர் வரவில்லை. வெட்கத்தை விட்டுக் கோல்டேயிடமே கேட்டேன், கௌரவமான பழைய பெயர் ஏதாவது இருக்கிறதா என்று.

"புக்கான்னு போடுங்க. என் புருஷன் பேரு. போய்ச் சேந்துட்டாரு, பாவம். சத்தமா சாப்பிடுவாரு, மத்தபடி தங்கமான மனுஷன்."

போட்டேன். வெற்றிகொண்ட புக்கா.

மார்ச் 17

ஐயோ.

ஆற்றுத் துறையில், முழங்கால் சேற்றில், எல்லோரும் நின்றோம். முதலில் நான் படித்தேன். எருதுகளின் பெயர் வந்தபோது அரசர் நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்து ஹூனாவின் எழுத்தர், சகோதரர் எக்கா. அவருக்கும் பதினாறு பேர்! பதினோராவது பெயர் - "கொடைவள்ளல் புக்கா."

என் சுருளை அவசரமாக அங்கிக்குள் செருகினேன்.

பெரிய அரசர் எழுந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டன்! பங்காளிங்களா இருந்துக்கிட்டு மீனுக்கு அடிச்சுக்கறீங்களே, வெக்கமா இல்ல? ஆளுக்குப் பாதி!"

இருபது வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். ஹூனா மெல்ல, "அண்ணே..." என்றார். அவ்வளவுதான். எங்கள் அரசர் ஓவென்று அழுதுவிட்டார்.

எக்கா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

மார்ச் 18

அரசர் மகள் டெட்டா ஜெபக்கூடத்துக்குள் புயல் மாதிரி வந்தாள். அவளுக்கும் ஹூனாவின் மகன் வீலாவுக்கும் இரண்டு வருடமாகப் பழக்கம். அது அரசரைத் தவிர நாட்டுக்கே தெரியும். சமாதானம் வந்துவிட்டதே என்று நம்பி நேற்று ராத்திரி அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"பங்காளி வீட்டுலயா, பாவம் பாவம்னு காதைப் பொத்திக்கிட்டாரு. சொந்தத்துல கட்டினா நரகம்னு போன தவக்காலத்துல அரைநாள் பிரசங்கம் பண்ணது யாரு சாமி? நீங்கதானே? இப்ப வீலாவ எனக்கு அண்ணனாக்கிட்டீங்க!"

வம்சாவளி பொய் என்று நான் ஒப்புக்கொண்டால் அவளுக்குக் கல்யாணம் நடக்கும். ஆனால் பொய் சாட்சிக்கு நாக்கை அறுப்பது இந்த நாட்டுச் சட்டம். அதை அழகான கையெழுத்தில் எழுதி வைத்ததும் நான்தான்.

மார்ச் 20

சாப்பிட முடியவில்லை. நாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அந்தப் பெண் சமையற்கட்டில் உட்கார்ந்து அழுகிறாள். எனக்கு நாக்கு பெரிதா, அவள் வாழ்க்கை பெரிதா? - நாக்கும் பெரிதுதான், ஆண்டவரே.

மார்ச் 21

கோல்டேயைத் துறையில் பிடித்தேன். "அந்தப் பேர வேற யாருக்குக் குடுத்தே?"

"எக்கா சாமியும் கேட்டாரு, குடுத்தேன். பேருதானே, குடுத்தா தேஞ்சா போயிடும்?"

"என் நாக்கு போயிடும்டி!"

விஷயத்தைச் சொன்னேன். விலாங்கை உரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "ஆனா உங்களுக்குக் குடுத்தது மூத்தவரு. அவருக்குக் குடுத்தது ரெண்டாமவரு," என்றாள்.

"என்ன ரெண்டாமவரு?"

"எனக்கு ரெண்டு புருஷன்ல. ஒருத்தர் போனப்புறம் இன்னொருத்தர். ரெண்டு பேரும் புக்காதான். கூப்பிட வசதியா இருந்துச்சு."

மார்ச் 22

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாக. கோல்டேயும் பின்னாலேயே வந்தாள். டெட்டா வாசலிலேயே நின்றாள்.

"அரசே, அந்தப் புக்கா..." என்று ஆரம்பித்தேன். கோல்டே என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். சிலுவை மேல் கைவைத்தாள்.

"புக்கான்னு ரெண்டு பேரு இருந்தாங்க ராசா. ரத்த சொந்தம் எதுவும் கெடையாது. ரெண்டு பேரையும் எனக்கு நல்லாத் தெரியும்."

அரசர் யோசித்தார். அரசி கோல்டேயின் வயதைக் கண்ணால் எடைபோட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்," என்றாள்.

"அப்ப ஹூனா என் தம்பி இல்லையா?" அரசர் முகம் வாடிவிட்டது.

டெட்டா பாய்ந்து வந்தாள். "சம்பந்தி ஆயிடுவாருப்பா!"

நாக்கு இருக்கிறது. இன்று இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தேன்.

மே 11

திருமணம். தோளில் குத்தும் ஊக்குக்காக ஒரு போரே நடந்தது. எங்கள் பெண்களுக்குச் சிலுவை மாதிரி நீள ஊக்கு. அக்கரைப் பெண்களுக்குத் தட்டு மாதிரி வட்ட ஊக்கு. மணப்பெண்ணுக்கு எது? இரண்டு பக்கத்து அத்தைமார்களும் முடியைப் பிடிக்காத குறை. டெட்டா ஒரு தோளில் நீளம், மறு தோளில் வட்டம் குத்திக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு பக்கமும் அலறினார்கள். நான் அவசரமாக ஆசீர்வதித்து முடித்தேன்.

அக்டோபர் 3, மூன்று ஆண்டுகள் கழித்து

தீவில் சந்தை. எக்காவும் நானும் சேர்ந்து சுற்றினோம். வாத்து விற்கிற பெண் ஒருத்தி, ஒரு தோளில் நீள ஊக்கு, மறு தோளில் வட்டம். பக்கத்தில் இருந்தவளும் அப்படியே. எக்கா சும்மா இராமல், "இது என்னம்மா புது வழக்கம்?" என்றார்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "புது வழக்கமா? எங்க சனம் ஆதியிலேருந்து இப்படித்தான் சாமி குத்துது."

"எந்தச் சனம்? இக்கரையா, அக்கரையா?" என்று கேட்டேன்.

கேள்வி புரியாதவள் போல என்னைப் பார்த்துவிட்டு, வாத்தை எடுத்து நீட்டினாள்.