கீழே தட்டிவிட்ட எம்பனாடா

அம்மா, முதலில் உன் ஆசி வேண்டும். முட்டிவலி குறைந்ததா? இந்த அமெரிக்கக் குளிரிலும் நான் பந்து எறியும் கைக்கு ஒரு குறையுமில்லை.

நேற்று எனக்கு எதிரே மட்டையோடு வந்து நின்றவன் நம் தெரு ராதாமேஸ். பேஸ்பால் முகாமுக்கு நீ பொரித்துக் கொண்டுவந்த எம்பனாடாவைத் தட்டிவிட்டுச் சிரித்தானே, அவனேதான். முதல் பந்தை அவன் தாடையை உரசுகிற மாதிரி எறிந்தேன். மண்ணில் விழுந்தான்.

"டேய் எலிஹியோ, ஒரே ஊர்க்காரங்கடா நாம!"

"எங்கம்மா பண்டத்தைத் தட்டிவிட்டப்ப நீ எந்த ஊருடா?"

அடுத்தது விலாவுக்குத்தான் என்று மைதானமே நினைத்தது. இந்த ஆட்டத்தில் பழியை அப்படித்தான் தீர்ப்பார்கள். நான் மூன்று பந்துகளை மெதுவாக, நேராகப் போட்டேன். பயத்தில் மட்டையையே அசைக்காமல் மூன்றையும் விட்டு அவுட்டாகிப் போனான். விலாவில் பட்டிருந்தால் வலியாவது ஆறியிருக்கும்.

தேங்காய் மிட்டாய் அனுப்பு, கொஞ்சம் போதும். பங்கு கேட்க இங்கே யாருமில்லை. பஸ்ஸில் ஏறச் சொல்லிக் கத்துகிறார்கள். அவன் அம்மா நம் கடைக்கு வந்தால் ஒரு எம்பனாடா கூடுதலாகவே கொடு. "பையன் எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேள்.

உன் எலிஹியோ